கிளிப்போர்டும் காவலும்

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு நாள், நான் மொழிபெயர்த்து அனுப்பியிருந்த சுற்றறிக்கையொன்று சரிபார்ப்பவரின் குறிப்புடன் என் மேசைக்குத் திரும்பி வந்தது. மூன்றாம் பத்தியின் நடுவில் நிற்கும் சொல் மூலத்தில் காணப்படவில்லையே, அதன் பொருள் யாது என்று அவர் ஓரத்தில் எழுதிக் கேட்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன், திடுக்கிட்டேன். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து நின்ற அந்தச் 'சொல்' என் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்!

நடந்தது இதுதான். அதற்கு முந்திய விடுமுறை நாளன்று, ஊரிலிருக்கும் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காகத் தம்பியின் கணக்குக்குப் பணம் அனுப்பினேன். நீளமான கடவுச்சொல்லைத் தட்டச்சிடச் சோம்பி, குறித்து வைத்திருந்த இடத்திலிருந்து அதை நகலெடுத்து ஒட்டினேன். பணம் போய்ச் சேர்ந்தது. நானும் அதை மறந்தேன். ஆனால் கணினி மறக்கவில்லை. மாலையில் அதே கணினியில் சுற்றறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தபோது, விரல் தவறி ஒட்டும் விசையில் பட்டிருக்கிறது. காலையில் எடுத்த சொல் சத்தமின்றி வந்து பத்தியின் நடுவில் அமர்ந்துகொண்டது.

கடவுச்சொல்லை உடனே மாற்றினேன். பணத்துக்குச் சேதமில்லை. எனினும் மூன்று வினாக்கள் என் மனத்தைவிட்டு அகலவில்லை. நான் மறந்துவிட்ட அந்தச் சொல் அத்தனை மணி நேரம் எங்கே இருந்தது? நான் தவறுதலாக எடுத்ததை வேறொருவர் வேண்டுமென்றே எடுத்திருக்க முடியாதா? அப்படி எடுத்திருந்தால், எடுத்ததை எவ்வாறு கண்டுபிடிப்பது? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால் அது ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறாக விரிகின்றது.

முதல் வினாவுக்கு விடை எளிது. நகலெடுக்கும் எதனையும் கணினி தன் நினைவகத்தின் ஒரு பகுதியில் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது. அதற்குக் கிளிப்போர்டு என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்கு எடுத்துச் செல்லும் கிளிப் அட்டையை நேயர்கள் அறிவார்கள். தாளை அதில் செருகினால் எங்கும் எடுத்துச் செல்லலாம். வேண்டிய இடத்தில் உருவிக்கொள்ளலாம். கணினியின் கிளிப்போர்டும் அத்தகையதே. ஒரு நிரலில் எடுத்ததை மற்றொரு நிரலில் இறக்கிவைக்க உதவும் பொதுவான அட்டை அது.

இவ்வழக்கம் தோன்றிய இடம் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்டோ நகரம். அங்கே ஜெராக்ஸ் நிறுவனத்தார் 1970-ஆம் ஆண்டில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் லாரி டெஸ்லர் என்ற அறிஞரும் டிம் மாட் என்பவரும் 1974, 1975-ஆம் ஆண்டுகளில் 'ஜிப்ஸி' என்னும் எழுத்துத் திருத்தும் நிரலை உருவாக்கினார்கள். அது ஒரு பாடநூல் பதிப்பகத்தின் ஆசிரியர்களுக்காக ஆக்கப்பட்டது. அந்த ஆசிரியர்கள் எப்படி வேலை செய்தார்கள்? கத்தரிக்கோலால் தாளை வெட்டி, பசை தடவி, வேறு தாளில் ஒட்டினார்கள். அவர்கள் கையில் பழகிய அந்த வேலையையே டெஸ்லரும் மாட்டும் திரையில் அமைத்துத் தந்தார்கள். வெட்டுதல், ஒட்டுதல் என்ற பெயர்களும் அவ்வாறே நிலைத்தன. பின்னர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டெஸ்லர், அங்கு 1983-இல் வெளிவந்த லிசா கணினியின் ஆக்கத்தில் பங்குகொண்டார். லிசாவும், 1984-இல் வந்த மெக்கின்டாஷும், அவற்றைத் தொடர்ந்து வந்த விண்டோஸும் கிளிப்போர்டை உலகமெங்கும் கொண்டு சென்றன. டெஸ்லர் 2020 பிப்ரவரியில் காலமானார். தட்டச்சு அறிந்தவர் யாவரும் நாள்தோறும் பலமுறை அவருடைய உழைப்பைத் தம்மையறியாமல் பயன்படுத்தி வருகின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளிப்போர்டை ஆக்கியவர்கள் அதற்குப் பூட்டுப் போடவில்லை. போட வேண்டுமென்று எண்ணுவதற்குக் காரணமும் அக்காலத்தில் இல்லை. மேசைமீது ஒரு கணினி. அதன் முன் ஒருவர். உள்ளே இருக்கும் நிரல்கள் யாவும் அவர் தாமே கொண்டுவந்து வைத்தவை. ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கிடையே திண்ணையில் வைத்த பொருளுக்குக் காவல் எதற்கு? ஆகவே எந்த நிரலும் எந்நேரமும் கிளிப்போர்டைப் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம் என்று விதி அமைந்தது. விண்டோஸில் இதற்கு மேலும் ஒரு வசதி உண்டு. கிளிப்போர்டில் புதிதாக ஏதேனும் வந்தால் தனக்குச் சொல்லியனுப்பும்படி ஒரு நிரல் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். நல்ல நிரல்களுக்கு இது பெரும் உதவி. தீய நிரலுக்கோ காத்திருக்கும் சிரமம்கூட இல்லாமற் போயிற்று.

இணையம் பரவியபின் வீட்டின் நிலைமை மாறியது. முன்பின் அறியாத வலைப்பக்கங்களும் நிரல்களும் உள்ளே வந்து போகத் தொடங்கின. திண்ணை மட்டும் பழைய திண்ணையாகவே இருந்தது. அக்காலத்தில் பெரும்பாலோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில், ஒரு வலைப்பக்கம் திறந்திருக்கும்போதே கிளிப்போர்டில் உள்ளதை அது படித்துக்கொள்ள இயன்றது. உரியவரிடம் ஒரு சொல்லும் கேட்பதில்லை. 2006-இல் வந்த ஏழாம் பதிப்பில்தான், இப்பக்கம் உங்கள் கிளிப்போர்டைப் பார்க்க அனுமதிக்கலாமா என்ற கேள்வி சேர்க்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டிலோ வேறொரு தொல்லை எழுந்தது. சில விளம்பரங்களில் மறைத்து வைத்த ஃபிளாஷ் நிரல்கள் கிளிப்போர்டில் தீய வலைத்தளம் ஒன்றின் முகவரியை இடைவிடாமல் எழுதிக்கொண்டேயிருந்தன. எதை நகலெடுத்து ஒட்டினாலும் அந்த முகவரியே வந்து விழுந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளியான ஃபிளாஷின் பத்தாம் பதிப்பு, பயனர் ஏதேனும் விசையையோ பொத்தானையோ அழுத்தினாலன்றிக் கிளிப்போர்டில் எழுத முடியாதபடி செய்து அவ்வழியை அடைத்தது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் தொல்லை வெளிப்படையாகத் தெரிந்தது. அல்லது உலாவி செய்தவரே வாயிலை மூடினார். ஆனால் நாமறியாமல் கணினிக்குள்ளேயே குடியேறிவிட்ட ஒரு நிரல் திருடுமாயின் அதனை எப்படி அறிவது? இரும்புப் பெட்டியிலிருந்து நகை களவு போனால் பெட்டி வெறுமையாக நிற்கும். கடிதத்தை ஒருவன் படித்து நகலெடுத்துச் சென்றால், கடிதம் வைத்த இடத்திலேயே இருக்கும். கிளிப்போர்டுத் திருட்டு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. இழப்பு உண்டு; வெற்றிடம் இல்லை.

தடயமில்லாத களவைப் பிடிக்கும் கலை கிளிப்போர்டுக்காகப் பிறந்ததன்று. அதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1980-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு அறிஞர் ஓர் அறிக்கை எழுதினார். கணினி தன் வேலைகளைப் பற்றி எழுதிவைக்கும் பதிவுகளை ஆராய்ந்தால் முறைகேடாக நுழைந்தவர்களை அடையாளம் காணலாம் என்று அதில் அவர் விளக்கினார். அக்கருத்துக்கு எடுத்துக்காட்டாக அமைந்தது 1986-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்தில் கிளிஃப் ஸ்டோல் என்ற வானவியலார், கணினி உபயோகக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் உதைப்பதைக் கண்டார். ஒரு டாலருக்கும் குறைந்த அத்தொகையை அற்பமென்று தள்ளிவிடாமல் மாதக்கணக்கில் தொடர்ந்து சென்றார். மேற்கு ஜெர்மனியிலிருந்து அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் புகுந்து, கண்டதைச் சோவியத் உளவு நிறுவனத்துக்கு விற்று வந்த கூட்டத்தில் போய் அது முடிந்தது. 1987-இல் டோரதி டென்னிங் என்ற அம்மையார் இக்கலைக்கு ஒரு முறையான இலக்கணம் வகுத்தார். ஒவ்வொருவரின் வழக்கமான நடத்தை எது என்று கணினி முதலில் அறிந்துகொள்ளட்டும். அதற்கு மாறானது நிகழும்போது எச்சரிக்கட்டும் என்பதே அவர் கருத்தின் சாரம். இன்றைய பாதுகாப்புக் கண்காணிப்பு முறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே வேர் எனலாம்.

ஆயினும் கிளிப்போர்டு இக்காவலின் கண்ணில் நெடுங்காலம் படவில்லை. கோப்பைத் திறந்தால் பதிவு உண்டு. கணினிக்குள் நுழைந்தால் பதிவு உண்டு. கிளிப்போர்டைப் படித்தால் மட்டும் பதிவு இல்லை. அது குற்றமென்று யாரும் கருதாததால் எழுதிவைக்கவும் எவரும் ஏற்பாடு செய்யவில்லை.

அதன் விலை 2013-ஆம் ஆண்டில் போலந்து நாட்டில் தெரிந்தது. அந்நாட்டில் வங்கிக் கணக்கு எண் 26 இலக்கங்கள் கொண்டது. அத்தனை நீண்ட எண்ணை யார் தட்டச்சிடுவார்கள்? யாவரும் நகலெடுத்து ஒட்டினார்கள். அதனையே பற்றிக்கொண்டது ஒரு தீய நிரல். கிளிப்போர்டில் 26 இலக்க எண் வந்தவுடன் அதை அகற்றிவிட்டுத் திருடனின் கணக்கு எண்ணை அவ்விடத்தில் வைத்தது. அந்நாட்டின் கணினி அவசர உதவிக் குழுவினர் அதனை ஆராய்ந்து, விபிகிளிப் என்று பெயரிட்டு மக்களை எச்சரித்தனர். கடவுச்சொல்லை உடைக்கவில்லை, வங்கியின் கணினியைத் தொடவும் இல்லை. பணத்தை அனுப்பியவர் உரியவரே. அனுப்பும்படி உத்தரவிட்டவரும் அவரே. முகவரி மட்டும் நடுவழியில் மாறியிருந்தது.

அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாஷா ஃபால் முதலிய ஆராய்ச்சியாளர்கள் கைபேசியின் பக்கம் கவனத்தைத் திருப்பினார்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான 21 கடவுச்சொல் காப்பு நிரல்களை அவர்கள் ஆராய்ந்தனர். உள்ளே இரகசியக் குறியீட்டால் பலமாகப் பூட்டப்பட்ட கடவுச்சொல், உபயோகத்துக்காகக் கிளிப்போர்டுக்கு வந்தவுடன் பிற நிரல்கள் யாவும் காணத் திறந்து கிடக்கிறது என்பதை மெய்ப்பித்துக் காட்டினார்கள். பெட்டகம் பலமானதுதான், பெட்டகத்திலிருந்து கைக்கு வரும் வழிதான் பலவீனம்.

2009-இல் தோன்றிய பிட்காயின் முதலிய மின்பணங்கள் பெருகியபோது இத்திருட்டு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. பிட்காயினின் பழைய வகை முகவரியொன்று ஏறத்தாழ 34 எழுத்துகள் கொண்டது. பொருளற்ற எழுத்துக்கோவையாதலால் மனத்தில் நிற்காது. நகலெடுத்தே தீர வேண்டும். அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெற வங்கி மேலாளர் எவரும் அங்கில்லை. கிரிப்டோஷஃப்ளர் என்ற நிரல் இவ்வகையில் 23 பிட்காயின்களைத் திரட்டியிருந்ததாக 2017-இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் தெரிவித்தது. 2018-இல் கண்டுபிடிக்கப்பட்ட மற்றொரு நிரல் 23 லட்சம் முகவரிகளைக் கண்காணித்து வந்தது. 2019 பிப்ரவரியில், கூகுளின் அதிகாரபூர்வமான நிரற்கடைக்குள்ளேயே இத்தகைய திருட்டு நிரலொன்று புகுந்திருந்ததை ஈசெட் நிறுவனத்தார் அறிவித்தனர்.

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம்: இதனைக் கண்டறிவது எப்படி? கிளிப்போர்டைப் படிப்பது தன்னளவில் குற்றமன்று என்பதுதான் இதில் உள்ள பெரும் இடர்ப்பாடு. என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சொல்லை நகலெடுத்தவுடன் அதன் பொருளைக் காட்டும் அகராதி நிரல்கள் உள்ளன. அவையும் கிளிப்போர்டை ஓயாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. பார்ப்பதையெல்லாம் களவென்று மணியடித்தால் காவலருக்கு ஒரு நாளில் ஆயிரம் பொய்ச் செய்திகள் வரும். ஆயிரத்தொன்றாவதாக வரும் மெய்ச் செய்தியை அவர் பார்க்கமாட்டார். அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் தாக்குவோரின் உபாயங்களைத் தொகுத்து வெளியிட்டுள்ள பட்டியலில், கிளிப்போர்டுத் திருட்டுக்கும் டி1115 என்ற எண்ணில் ஓர் இடம் உண்டு. அமைப்பின் இயல்பான வசதியையே இது தவறாகப் பயன்படுத்துவதால், முன்கூட்டியே எளிதில் தடுத்துவிட முடியாது என்று அப்பட்டியல் ஒப்புக்கொள்கிறது. தடுக்க இயலாததைக் கவனித்தே பிடிக்க வேண்டும்.

ஆதலால் கண்காணிப்போர் மூன்றைச் சேர்த்துப் பார்க்கப் பழகினார்கள். முதலாவது, யார் படிக்கிறார் என்பது. கடிதம் எழுதும் நிரல் படித்தால் அது இயல்பு. திரையில் சாளரமே இல்லாத, நேற்றுத்தான் ஒரு தற்காலிகக் கோப்புறையில் வந்து தங்கிய நிரல் படித்தால் ஐயத்துக்கிடம். இரண்டாவது, எப்போது படிக்கிறார் என்பது. மனிதன் ஒட்டும் விசையை அழுத்தும்போது படிப்பது முறை. விசைப்பலகையை யாரும் தொடாதிருக்க, நொடிக்கொருமுறை படிப்பது முறையன்று. மூன்றாவது, படித்தபின் என்ன செய்கிறார் என்பது. படித்ததை ஒரு மறைவான கோப்பில் எழுதினாலும், வெளியிலுள்ள முன்பின் அறியாத கணினிக்கு அனுப்பினாலும், கணக்கு எண் போன்ற ஒன்றை அதே வடிவிலுள்ள வேறொன்றால் மாற்றினாலும் ஐயம் உறுதிப்படுகிறது. இவற்றில் ஒன்று தனித்து நின்றால் சான்றாகாது. மூன்றும் கூடினால் பெரும்பாலும் பிழைக்காது. டென்னிங் அம்மையார் வகுத்த இலக்கணத்தைத்தான் இங்கே காண்கிறோம்.

2020 செப்டம்பரில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சிஸ்மான் என்ற கண்காணிப்புக் கருவி, அதன் பன்னிரண்டாம் பதிப்பில், கிளிப்போர்டில் உள்ளது மாறும்போதெல்லாம் 24 என்ற எண்ணிட்ட குறிப்பொன்றை எழுதிவைக்கத் தொடங்கியது. மாற்றிய நிரல் எது, யாருடைய கணக்கில் இயங்கியது என்பன அதில் இருக்கும். இது மாற்றத்தையே பதிகின்றது; ஓசையின்றிப் படித்துச் செல்வதைப் பதிவதில்லை. அதற்கு, நிரல்கள் இயக்க முறைமையிடம் விடுக்கும் அழைப்புகளையே கவனிக்கும் வேறு கருவிகள் வேண்டும்.

இங்கே ஒரு தர்மசங்கடமும் உண்டு. கேட்டுக்கொண்டால், சிஸ்மான் கிளிப்போர்டில் இருந்ததன் நகலையும் எடுத்துப் பாதுகாப்பான கோப்புறையில் சேர்த்துவைக்கும். களவை ஆராய்வோருக்கு அது தேவை. ஆனால் ஊழியர்கள் நகலெடுத்த கடவுச்சொற்களும் கணக்கு எண்களும் சொந்தக் கடிதங்களும் அதே இடத்தில் குவியும் அல்லவா? திருடன் தேடியலைந்த செல்வத்தைக் காவலனே ஓரிடத்தில் திரட்டி வைத்ததாகவும் அது முடியலாம். ஆகவே, எதைப் பதிவது, எத்தனை நாள் வைப்பது, யார் பார்ப்பது என்ற வரம்புகள் இல்லாத கண்காணிப்பு பாதுகாப்பாகாது.

கைபேசிகளில் வேறொரு வழி பிறந்தது. அங்கே பொருளுக்கு உரியவரையே காவலராக ஆக்கினார்கள். 2020-இன் தொடக்கத்தில் டாமி மிஸ்க், தலால் ஹாஜ் பக்ரி என்னும் இரு நிரலாளர்கள், ஐபோனில் பற்பல புகழ்பெற்ற நிரல்கள் காரணமின்றிக் கிளிப்போர்டைப் படிப்பதை எடுத்துக்காட்டினர். அவ்வாண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் பதினான்காம் பதிப்பு, ஒரு நிரல் மற்றொன்றிலிருந்து நகலெடுக்கப்பட்டதைப் படித்த கணமே திரையின் மேற்புறத்தில் அறிவிப்புக் காட்டியது. ஆண்ட்ராய்டு 2019-இலேயே, பின்புலத்தில் இயங்கும் நிரல்களுக்குக் கிளிப்போர்டைக் காண்பதற்கிருந்த உரிமையைக் குறைத்தது. 2021-இல் இத்தகைய அறிவிப்பையும் சேர்த்தது. 2022-இல் ஐபோன் முன்கூட்டியே அனுமதி கேட்கலாயிற்று. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு, கிளிப்போர்டில் உள்ளதைச் சிறிது நேரத்தில் தானே துடைக்கத் தொடங்கியது. திண்ணைக்குக் கதவு வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

கதவு வந்ததும் கள்ளன் வேறு வழி தேடினான். 2024 முதல் ஒரு புதிய சூழ்ச்சி பரவியது. நீங்கள் மனிதர்தானா என்று சரிபார்க்கிறோம் என்று சொல்லும் பொய்ப் பக்கமொன்று, சத்தமின்றித் தீய கட்டளையைக் கிளிப்போர்டில் வைத்துவிடுகிறது. பிறகு, இன்ன விசைகளை அழுத்தி ஒட்டுங்கள் என்று பணிவாக வழி சொல்கிறது. கணினிக்குள் திருடனை அழைத்து வருபவர் உரியவரே ஆகிவிடுகிறார். கருவி எத்தனை வளர்ந்தாலும் கடைசிக் காவல் மனிதனின் கண்ணும் விரலும்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சொந்த ஊரை விட்டு, மொழி வேறான ஊர்களில் பிழைக்கும் நமக்கு இவ்விஷயம் தொலைவிலுள்ளதன்று. பெற்றோர் செலவுக்கும், தங்கை திருமணத்துக்கும், பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்துக்கும் மாதந்தோறும் கணக்கு எண்களை நகலெடுத்து ஒட்டுபவர்கள் நாம். ஒட்டியபின், கடைசி நான்கு இலக்கங்களையாவது மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நொடிகூட ஆகாது. வங்கியிலிருந்து வங்கிக்குப் பணம் செலுத்துமுன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் முதல் நாளுக்குள் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. அப்பெயரைப் படித்துப் பார்த்தே பொத்தானை அழுத்த வேண்டும். கடவுச்சொல்லை ஒட்டியபின் வேறொரு சாதாரணச் சொல்லை நகலெடுத்தால், பழையது அகன்றுவிடும். ஆனால் விண்டோஸில் கிளிப்போர்டு வரலாறு என்னும் வசதி இயங்கினால் 25 நகல்கள்வரை தங்கியிருக்கும் என்பதால், அதையும் துடைக்க வேண்டும். எந்தப் பக்கம் எதை ஒட்டச் சொன்னாலும் ஒட்டலாகாது. இத்தனைக்குப் பின்னும் பணம் தவறிப்போயிற்றென்றால், வெட்கத்தால் மறைக்காமல் 1930 என்ற அரசின் உதவி எண்ணை உடனே அழைப்பதே அறிவுடைமை. பணம் கைமாறி மறைவதற்குமுன் அதனை நிறுத்த அதுவே வழி.

அம்மாவின் கண் சிகிச்சை நலமாக முடிந்தது. இப்போது தம்பிக்குப் பணம் அனுப்பும்போதெல்லாம் கணக்கு எண்ணை வாய்விட்டுப் படிக்கிறேன். திரையில் உள்ளதும் காகிதத்தில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்கிறேன். ரூபாய் நோட்டுகளை இருமுறை எண்ணாமல் அம்மா யாரிடமும் கொடுத்ததில்லை. அந்தப் பழைய வழக்கத்தைத்தான் இந்தப் புதிய கருவியும் நம்மிடம் கேட்கிறது.